ஓடும்போதே கழற்றும் பெட்டி

ரய்யாவின் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அதைச் சாப்பாட்டு டப்பா என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு கைக்குள் அடங்கும் அலுமினியப் பெட்டி, முகப்பில் இரண்டு வாய்கள், வாய்க்கு ஒரு ட்ரே, ட்ரேக்குள் சூயிங்கம் பாக்கெட் அளவில், படங்களைச் சேமிக்கும் ஒரு டிரைவ். மேலே ஒரு கைப்பிடியையும் வைத்துத் தொலைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சோறு நினைவுக்கு வராது?

கல்ஃபான் பின் முசல்லம் அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னார். பாதி வாழ்நாளைப் பாலைவனத்தில் ஒட்டகங்களைக் கூப்பிட்டே கழித்தவர். மெதுவாகப் பேச அவருக்கு வராது. திடலில் எல்லோருக்கும் அவர் வாப்பா. பருவத்தின் கடைசி ஒட்டக ஓட்டம் நடக்கும் அன்று காலை, முடிவுக் கோட்டை ஒட்டிச் சாரம் கட்டி நிறுத்தியிருந்த கேமரா அறைக்குப் படியேறி வந்து, கைத்தடியால் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என் ஸம்ஹா வர்றதை இந்தச் சோத்து டப்பாவா பாக்கப் போகுது?"

"பாக்குறது கேமரா, வாப்பா. இது ஞாபகம் வச்சுக்கும்," என்றாள் ரய்யா.

"வச்சுக்கலைன்னா?"

"வச்சுக்கும்."

"சரி மகளே. ஒண்ணு மட்டும் சொல்லி வைக்கிறேன். என் ஒட்டகம் தோத்தா அது ஒட்டகத்தோட தப்பு. டப்பா தோத்தா அது உன் தப்பு. ஒட்டகத்தை நான் மன்னிச்சிருவேன்."

வாசலில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "ஸம்ஹா தோக்காது வாப்பா. முதல்ல அதோட உதடு வரும், ரொம்ப நேரம் கழிச்சு ஒட்டகம் வரும்," என்றான். ஸம்ஹாவின் கீழுதடு தொங்கலானது. அழகிப் போட்டி ஒட்டகத்துக்கு அது பெருமை. ஓட்ட ஒட்டகத்துக்கு அது கேலிப்பொருள். கல்ஃபான் தடியை ஓங்கினார், அவனும் அடி வாங்கியவன் போல ஓடினான். இதெல்லாம் அவர்களுக்குள் தினமும் நடப்பதுதான்.

ரய்யா மட்டும் சிரிக்கவில்லை. கிழவர் சொன்னது சரியான இடத்தில் குத்தியிருந்தது.

ஓட்டக் கமிட்டியின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஹிலால் அவளுக்குக் கொடுத்திருந்தது இந்த ஒரு நாளைத்தான். இன்று பெட்டி கடைசிவரை நின்றுவிட்டால் அடுத்த பருவத்தில் எல்லாத் திடல்களிலும் அவள் பெட்டிதான். நிற்காவிட்டால் கமிட்டியின் பழைய பெட்டி திரும்ப வரும், ருசைல் தொழிற்பேட்டையில் இருக்கும் அவளுடைய சின்னப் பட்டறையின் ஷட்டர் இறங்கும், மஸ்கட்டில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் அண்ணன் சொல்லிவைத்திருக்கும் நாற்காலியில் அவள் போய் உட்கார வேண்டும். அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு இடுப்பு வலித்தது.

அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முடிவுக் கோட்டைப் பார்க்கும் கேமரா ஒரு கண் சிமிட்டலுக்குள் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும். டிரைவ்கள் குடம் குடமாகக் குடித்து நிரம்பும். நிரம்பியதை எடுத்து நடுவர்களிடம் கையோடு கொடுக்க வேண்டும், காலியானதை உள்ளே தள்ள வேண்டும், அடுத்த ஓட்டம் அதற்குள் கிளம்பிவிடும். பதிவு மெஷினை அணைத்துவிட்டு மாற்றலாமே என்றால், அணைத்த மெஷின் மறுபடி கண் விழிப்பதற்குள் ஒட்டகங்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். பழைய பெட்டியின் கதை அதுதான். ஒரு ஓட்டம் பதிவானால் அடுத்தது பதிவாகாது.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சின்ன டிரைவ்கள் மெஷினுக்குள் திருகி மாட்டிய இடத்திலேயே கிடப்பதற்குப் பிறந்தவை. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் தானும் சாகும், பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். ரய்யா அவற்றுக்குத் தனி ட்ரே செய்தாள். ட்ரேயின் முதுகில் சீப்புப் பல் போலத் தங்கப் பூச்சுப் பற்கள். அவற்றில் சில நீளம், சில குட்டை. விருந்து வீட்டில் பெரியவர் முதலில் நுழைந்து சலாம் சொன்ன பிறகு மற்றவர்கள் உள்ளே வருவதுபோல, நீளமான பல் முதலில் தொட்டு வழி செய்யும், மின்சாரம் அதன் பிறகு மெல்ல ஏறும், குட்டைப் பற்கள் கடைசியில் சேரும். வெளியே இழுத்தால் இதே வரிசை தலைகீழாக நடக்கும். ஓடும் மெஷினுக்கு எதுவும் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுக்காக அவள் பட்டறையில் எரித்த டிரைவ்களை அடுக்கினால் ஒரு சுவர் எழுப்பலாம்.

முதல் இரண்டு ஓட்டங்களும் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலப் போயின. ரய்யா நிரம்பிய ட்ரேயை இழுத்தாள், காலி ட்ரேயைத் தள்ளினாள், பச்சை விளக்கு எரிந்தது. ஹிலால்கூட, காப்பி ஊற்ற வந்தவனிடம் கோப்பையை ஆட்டிப் போதும் என்று காட்டிவிட்டு, மீசைக்குள் லேசாகச் சிரித்தார்.

மூன்றாவது ஓட்டத்தில் ஒரு ட்ரேக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷினுக்கு அந்த ட்ரே கண்ணில் படவே இல்லை. ரய்யா அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைத் தள்ளிச் சமாளித்தாள். நான்காவது ஓட்டத்தில் இன்னொரு ட்ரேயும் அப்படியே செத்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கொண்டுவந்த ஆறில் இரண்டு போயிற்று.

ஹிலால் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"ரய்யா, நான் உனக்கு எதிரி இல்ல. போன பருவத்துல ஒரு ஓட்டம் பதிவாகாமப் போச்சு. எங்க ஒட்டகம்தான் முதல்லன்னு ரெண்டு கோத்திரம் எழுந்து நின்னுச்சு. மாசக்கணக்கா ரெண்டு பக்கமும் போய் உக்காந்து சமாதானம் பேசிக் காப்பி குடிச்சே என் வயிறு புண்ணாப் போச்சு. மறுபடி என்னால குடிக்க முடியாது."

"புரியுது, இஞ்சினியர்."

"பெரிய ஓட்டம் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம். அதுவரைக்கும் பெட்டி இருக்கட்டும். அதுல ஒரு சிவப்பு எரிஞ்சாலும் இனிமே பழைய பெட்டிதான். நானே தூக்கி வச்சிருவேன்."

அவர் சொல்லிவிட்டுப் பெட்டியின் இரண்டு வாய்களிலும் நல்ல ட்ரேக்களாகப் பார்த்து மாட்டச் சொன்னார். இரண்டும் பச்சை. முகப்பின் குறுக்கே கமிட்டி முத்திரை ஒட்டினார். பெரிய ஓட்டத்துக்கு முன் யாரும் தொடக் கூடாது என்பது போன பருவத்துச் சண்டைக்குப் பிறகு வந்த விதி. தொடங்கும் கயிறு தூக்கியதிலிருந்து கடைசி ஒட்டகம் வரும்வரை கேமராவை நிறுத்தக் கூடாது என்பதும் அப்படி வந்ததுதான். பழைய பெட்டியின் மரக்கூடு அறை மூலையில் காத்திருந்தது. அதன் மேலேயே தன் துண்டை வைத்துவிட்டு ஹிலால் தொழப் போனார்.

ரய்யா செத்த ட்ரேக்களோடு படிக்கட்டில் உட்கார்ந்தாள். மணலாக இருக்குமோ? மணலைப் பட்டறையில் கை கையாக அள்ளிக் கொட்டிப் பார்த்தவள் அவள். சூடாக இருக்குமோ? ரொட்டி அடுப்புக்குள் வைத்தே சோதித்திருந்தாள். அப்படியானால் பற்களின் நீளத்தில் தவறு. அப்படியானால் தொடக்கத்திலிருந்தே எல்லாம் தவறு. அண்ணன் சரி, வங்கி சரி, நாற்காலி சரி. அழுகையை அடக்கக் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஷம்ஸா வந்தாள். ரய்யாவின் சித்தப்பா மகள், பட்டறையில் பாதிப் பங்காளி. ரய்யா வரைவாள், ஷம்ஸா சாமான் வாங்கி, ஆள் பிடித்து, திருகு முடுக்கி, பெட்டியாக்குவாள். கையில் சோற்றுத் தூக்கும் காப்பி பிளாஸ்க்கும் இருந்தன.

"என்னடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. சாப்பிட்டியா?"

"ரெண்டு ட்ரே போச்சு, ஷம்ஸா."

"போனா போகுது, நாலு இருக்குல்ல. முதல்ல சாப்பிடு. சுறா மீன் கிளறிக் கொண்டாந்திருக்கேன்."

ஷம்ஸா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள். அவள் சட்டைக் கையிலிருந்து சாம்பிராணி மணம் கமகமவென்று வந்தது. ரய்யா அந்த மணத்தை ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு நிமிர்ந்தாள். மடியில் கிடந்த ட்ரேயை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தாள். ஷம்ஸாவின் கையை முகர்ந்தாள். மறுபடி ட்ரேயை முகர்ந்தாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றாள் ஷம்ஸா.

"ட்ரேல எப்படி லுபான் மணம் வருது?"

ஷம்ஸாவின் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து காத்திருந்தவள் போலச் சொன்னாள்:

"நேத்து சாயங்காலம் எல்லாத்துக்கும் புகை போட்டேன்டி. துணிக்குப் போடுற கூண்டு இருக்குல்ல, கல்யாணப் பொண்ணு துணி வைப்போமே, அதுல ஆறையும் வரிசையா அடுக்கி, அடியில நெருப்பு வச்சு. சும்மா சாமான் இல்ல, வெள்ளை வெளேர்னு ஹோஜரி லுபான். உன் பெட்டி மேல எத்தனை கண்ணு இருக்கு தெரியுமா? அந்தக் கண்ணெல்லாம் பட்டா என்ன ஆகுறது?"

ரய்யா தன் முக்காட்டின் நுனியால் ட்ரேயின் பற்களைத் தேய்த்தாள். துணியில் வெளிறிய மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியது. லுபான் என்கிற சாம்பிராணி மரத்தின் பிசின். புகையாகப் போனது தங்கப் பற்களில் பிசினாகவே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. காலைக் குளிரில் கெட்டியாக, ஓரமாகக் கிடந்தது. வெயில் ஏற ஏற இளகிப் பரவி, பல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே போர்வை விரித்துவிட்டது. மணலை நினைத்தாள், சூட்டை நினைத்தாள், உப்புக் காற்றைக்கூட நினைத்தாள். சொந்த வீட்டுச் சாம்பிராணியை நினைக்கவில்லை.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஷம்ஸாவைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தாள். ஆனால் கோபத்துக்குக் கீழே இன்னொன்று குபுகுபுவென்று கிளம்பியது. பற்களின் நீளம் சரி. பெட்டி சரி. அவள் போட்ட கணக்கு சரி.

"நீ கண்ணு படக் கூடாதுன்னு போட்ட புகையில மெஷினுக்கே கண்ணு தெரியாமப் போச்சுடி," என்றாள்.

ஷம்ஸாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாயில் கையை வைத்தாள். கண் நிறைந்தது. "நானா? நான் நல்லதுக்குன்னுதானே..."

"அழாத. அழ நேரமில்ல. ஸ்பிரிட் வேணும். என்னோட குப்பி காலையிலயே தீந்துபோச்சு. பிசினை வேற எதுவும் கரைக்காது."

"அத்தர் இருக்கு."

"இன்னும் எண்ணெய் ஊத்தப் போறியா?"

ஷம்ஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். சாமான் எங்கே கிடைக்கும் என்று யோசிப்பதுதான் அவள் தொழில். "டாக்டர்கிட்ட இருக்கும்," என்றாள். "ஒட்டகத்துக்கு ரத்தம் எடுப்பாருல்ல."

ஒட்டகங்களுக்கு ஊக்க மருந்து ஏற்றியிருக்கிறார்களா என்று சோதிக்கும் கூடாரம் திடலின் அந்தக் கோடியில் இருந்தது. செத்த இரண்டு, நடுவர்கள் பார்த்துத் திருப்பிக் கொடுத்த இரண்டு என நான்கு ட்ரேக்களையும் எடுத்துக்கொண்டு, கால்வரை நீளும் அபாயா அங்கியைக் கையில் பிடித்தபடி இருவரும் ஓடினார்கள். கால்நடை மருத்துவர் பாபிகர் சூடான்காரர், நெடுநெடுவென்று உயரம், எதற்கும் அவசரப்படாதவர். ஸ்பிரிட் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடியை இறக்கி இருவரையும் பார்த்தார்.

"ரத்தம் யாருக்கு எடுக்கணும்?"

"பெட்டிக்கு, டாக்டர்."

"பெட்டிக்கு ஊக்க மருந்து குடுத்தீங்களா?"

"சாம்பிராணி குடுத்துட்டோம்," என்றாள் ஷம்ஸா, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

பாபிகர் உடம்பு முழுக்கக் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே ஒரு முழு ஸ்பிரிட் குப்பியையும் பஞ்சுக் கட்டையும் எடுத்து நீட்டினார். "எங்க ஊர்ல கல்யாணப் பொண்ணுக்குத்தான் இவ்வளவு புகை போடுவோம். இதுக்கு எப்போ கல்யாணம்?"

கூடாரத்து மேசையிலேயே நான்கு ட்ரேக்களையும் வைத்துத் துடைத்தார்கள். பஞ்சு மஞ்சளானது, புதுப் பஞ்சு எடுத்தார்கள், அதுவும் மஞ்சளானது. பற்கள் பளபளக்கத் தொடங்கியபோது வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. ஒட்டகங்கள் கயிற்றுக்குப் பின்னால் வந்துவிட்டன.

ரய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. துடைத்தது நான்கு. துடைக்காத இரண்டு பெட்டிக்குள், முத்திரைக்குப் பின்னால் இருந்தன.

அவள் கேமரா அறைக்கு மூச்சிரைக்க ஏறி வந்தபோது ஹிலால் பெட்டியின் முன் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது வாய் பச்சை, எழுதிக்கொண்டிருந்தது. வலது வாய் சிவப்பு.

"ஓட்டம் தொடங்கிருச்சா?"

"தொடங்கல. அதான் கேடு. கயிறு தூக்கினாங்க, நாலஞ்சு ஒட்டகம் முன்னாடியே பாஞ்சிருச்சு. திருப்பிக் கூட்டிட்டு வந்து நிறுத்துறாங்க. கேமரா முதல் கயிறுலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கு. விதிப்படி நிறுத்தக் கூடாது." அவர் திரையைக் காட்டினார். இடது ட்ரே முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. "ஓட்டம் முடியறதுக்குள்ள இது நெறஞ்சிரும். நெறஞ்சா வலது பக்கம் போகணும். வலது பக்கம் செத்துக் கெடக்கு."

"வலது பக்கத்தைப் பிடுங்கிட்டு வேற போடுறேன்."

"இப்பவா? இடது பக்கம் எழுதிக்கிட்டிருக்கும்போதா? மெஷின் ஒரு தடவை இருமினாப் போதும், இதுவரைக்கும் எழுதினதும் போயிரும்."

வெளியே கூட்டம் ஓவென்று இரைந்தது. இந்த முறை கயிறு சரியாகத் தூக்கியிருந்தார்கள். தூரத்தில் புழுதி எழுந்தது. அதற்கு இணையாக ஓடும் சாலையில் சொந்தக்காரர்களின் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பறந்தன. ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் வாக்கி-டாக்கிக்குள் கத்திக்கொண்டிருந்தார், சவாரிக்காரனுக்குப் பதிலாக ஒட்டகத்தின் முதுகில் கட்டிய சின்ன இயந்திரம் அந்தக் குரலை அதன் காதில் போட்டது. எல்லாக் குரலுக்கும் மேலே கல்ஃபானின் குரல் கேட்டது. வாக்கி-டாக்கி இல்லாமலேயே ஸம்ஹாவுக்குக் கேட்டிருக்கும்.

"இஞ்சினியர்," என்றாள் ரய்யா, "மெஷின் ஓடும்போது பிடுங்கத்தான் இந்தப் பெட்டியே. சும்மா நிக்கும்போது பிடுங்க உங்க பழைய பெட்டியே போதுமே. நான் செஞ்சது பொய்யின்னா இப்பவே தெரிஞ்சிரட்டும். முத்திரையைக் கிழிக்க அனுமதி குடுங்க."

ஹிலால் மூலையில் இருந்த மரக்கூட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு முத்திரையின் நுனியைத் தானே நகத்தால் கிள்ளி, ஒரே இழுப்பில் கிழித்தார். "என் வயிறு போனா உன்னைச் சும்மா விட மாட்டேன்," என்றார்.

ரய்யா வலது ட்ரேயின் பிடியைப் பிடித்தாள். பட்டறையில் ஆயிரம் தடவை செய்த வேலைதான். அங்கே பார்த்துக்கொண்டிருந்தது ஷம்ஸா மட்டும்.

இழுத்தாள்.

இடது பச்சை அப்படியே இருந்தது. ஹிலால் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது.

சுத்தமான ட்ரேயைத் தள்ளினாள். சிவப்பு. வெளியே இழுத்துப் பார்த்தாள். பளபளத்த பற்களில் மறுபடி மஞ்சள் கோடு. பழைய ட்ரே தன் பிசினைப் பெட்டியின் வாய்க்குள்ளும் பூசிவிட்டுப் போயிருந்தது. மின்சாரம் ஓடும் வாய்க்குள் ஸ்பிரிட் பஞ்சை விட முடியாது. ட்ரேயையே துடைப்பமாக்க வேண்டியதுதான்.

"ஷம்ஸா, பஞ்சு."

ஷம்ஸா ஸ்பிரிட் தோய்த்த பஞ்சோடு தயாராக நின்றாள். ரய்யா தள்ளினாள், இழுத்தாள், நீட்டினாள். ஷம்ஸா துடைத்து, ஊதி உலர்த்தி, திருப்பிக் கொடுத்தாள். மறுபடி தள்ளினாள். சிவப்பு. இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் நீளமான பல் முதலில் போய்ச் சலாம் சொல்லியது, மின்சாரம் பொறுமையாகக் காத்திருந்தது, பக்கத்து வீட்டில் எழுதிக்கொண்டிருந்த டிரைவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. உலகத்தில் எந்த அவசரக்காரனும் இவ்வளவு தடவை ஒரு கதவைத் திறந்து மூடியிருக்க மாட்டான். கதவு கோபித்துக்கொள்ளவே இல்லை.

"கடைசி வளைவுக்கு வந்துட்டாங்க," என்றார் ஹிலால். "இடது பக்கம் இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

ஷம்ஸா இந்தத் தடவை பஞ்சை விட்டுவிட்டு, தன் விரலில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்களை ஒவ்வொன்றாக வழித்தாள். ஊதினாள். ரய்யா வாங்கித் தள்ளினாள். விளக்கு ஒரு முறை மஞ்சளாகத் தயங்கியது. பிறகு பச்சை.

அந்தப் பச்சையை ரய்யா ஆசை தீரப் பார்க்கக்கூட இல்லை. இடது ட்ரே நிரம்பி, பதிவு வலது பக்கம் தாவியது. அந்தத் தாவலைத் திரையில் பார்த்து முடிப்பதற்குள் ஒட்டகங்கள் சாரத்தைக் குலுக்கிக்கொண்டு கீழே கடந்துபோயின. கழுத்துகள், கால்கள், புழுதி, முதுகில் துள்ளும் இயந்திரங்கள். முன்னால் இரண்டு ஒட்டகங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. கூட்டம் ஒரே குரலில் "ஷாஹீனிய்யா" என்று கத்தியது. ஷாஹீனிய்யா எல்லைக்கு அப்பாலிருந்து வந்த விருந்தாளியின் ஒட்டகம். அதன் ஆட்கள் அதற்குள் தலைத்துணிகளை மேலே வீசத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வண்டிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

ரய்யா நிரம்பிய இடது ட்ரேயை இழுத்தாள். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே அந்த வாயில் இன்னொரு சுத்தமான ட்ரேயைத் தள்ளினாள். அந்த வாயில் பிசின் பரவியிருக்கவில்லை, உடனே பச்சை எரிந்தது, பதிவை அங்கே மாற்றினாள், பின்னால் வந்த ஒட்டகங்கள் ஒன்றுவிடாமல் அதில் ஏறின. அதன் பிறகே வலது ட்ரேயை இழுத்தாள். கையில் இருந்த ட்ரே சுடச்சுட ரொட்டி போல இருந்தது. அதை அபாயாவின் கைக்குள் சுற்றிக்கொண்டு படியிறங்கி, ஹிலால் வழி விலக்க, நடுவர் கூடாரத்துக்குப் போனாள்.

அங்கே நிற்க இடமில்லை. நடுவர்கள் மூவரும் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் விருந்தாளியின் ஆட்கள், இன்னொரு பக்கம் புழுதி படிந்த தாடியோடு கல்ஃபான். அவர் கத்தவில்லை. அவர் கத்தாமல் நின்றதை ரய்யா அன்றுதான் பார்த்தாள்.

"டப்பா ஞாபகம் வச்சிருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"வச்சிருக்கு, வாப்பா."

மூத்த நடுவர் படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கோடு காலியாக இருந்தது. ஓரத்தில் இரண்டு தலைகள் நுழைந்தன. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வைத்ததுபோல வந்தன. இன்னும் நகர்த்தினார். மூக்கும் மூக்கும் சமம். அவர் நிறுத்தி, ஒரு படம் பின்னால் போனார். திரையை நோக்கிக் குனிந்தார். பக்கத்து நடுவரின் முழங்கையைத் தொட்டார். தலையின் எந்தப் பகுதி முதலில் கோட்டைத் தொடுகிறதோ அதுவே கணக்கு, அது பழைய விதி. கோட்டின் மேல், வேறு எதுவும் இல்லாத இடத்தில், ஒரு தொங்கும் கீழுதடு தனியாக நின்றிருந்தது. காற்றில் முன்னால் பறந்த உதடு.

"ஸம்ஹா," என்றார் மூத்த நடுவர்.

விருந்தாளி தானே முன்னால் வந்து, திரையைப் பார்த்து, படத்தை ஒரு முறை தன் விரலால் நகர்த்திப் பார்த்தார். பிறகு கல்ஃபானிடம் போய் மூக்கோடு மூக்கு வைத்து வாழ்த்தினார். "உதட்டால ஜெயிச்ச ஒட்டகத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார். அதற்குப் பிறகு எழுந்த இரைச்சலில் கூடாரத்தின் கயிறுகள் ஆடின. காலையில் உதட்டைக் கேலி செய்தவனே கல்ஃபானைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

ரய்யா திரும்பிக் கேமரா அறைக்கு ஏறினாள். உள்ளே ஷம்ஸா தரையில் உட்கார்ந்து, சிதறிய மஞ்சள் பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரய்யாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், எது எப்போது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஹிலால் பின்னால் வந்து, பழைய பெட்டியின் மரக்கூட்டின் மேலிருந்த தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "இதைக் கொண்டுபோய் வண்டில ஏத்துங்க," என்றார். "எங்க எறக்கணும்?" என்று ஒருவன் கேட்டான். "எங்க வேணா எறக்கு. திடலுக்கு மட்டும் திரும்பக் கொண்டாந்துராத." பிறகு ரய்யாவிடம், "நம்ம திடலெல்லாம் எத்தனைன்னு தெரியும்ல? அத்தனை பெட்டி வேணும். புகை போடாம," என்றார்.

"ஒரு துளி புகை இல்லாம," என்றாள் ஷம்ஸா.

அப்போது படிக்கட்டு அதிர்ந்தது. கல்ஃபான் ஏறி வந்தார். கையில் பன்னீரில் குழைத்த குங்குமப்பூக் கிண்ணம், முழங்கைவரை மஞ்சள். ஜெயித்த ஒட்டகத்தின் தலையிலும் கழுத்திலும் பூசிவிட்டு மிச்சத்தோடு வந்திருந்தார். பின்னால் பாதிக் கூட்டம், டாக்டர் பாபிகர் உட்பட. கிழவர் நேராகப் பெட்டியிடம் போனார்.

"எல்லாருக்கும் கண்ணு இருந்துச்சு, எல்லாரும் ஷாஹீனிய்யான்னு கத்துனாங்க. எனக்கே அப்படித்தான் தோணுச்சு. என் ஒட்டகத்தை நானே நம்பல, மகளே. இந்த டப்பா ஒண்ணுதான் நம்புச்சு." கிண்ணத்துக்குள் கையைவிட்டு நிறைய அள்ளினார். "கழுத்து எங்க இருக்கு இதுக்கு?"

ரய்யா பாய்ந்துபோய், விசிறி மூச்சிழுக்கும் பக்கவாட்டுத் துளைகளையும் இரண்டு வாய்களையும் இரண்டு உள்ளங்கைகளாலும் இறுக்கமாக மூடிக்கொண்டாள்.

"மேல மட்டும் பூசுங்க, வாப்பா," என்றாள். "வாய்ப் பக்கம் வேணாம்."

கல்ஃபான் கைப்பிடியிலிருந்து மூடியின் விளிம்புவரை, ஸம்ஹாவின் கழுத்தைத் தடவியதுபோலவே, நிதானமாகத் தடவினார். ஐந்து விரலும் அதில் பதிந்தன. உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.